தறிக்கார வீட்டு அலாரம்

ஜலகண்டாபுரம் அங்காளம்மாளை நீங்கள் ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை உட்கார வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாளே, அவள்தான். கைப்பை உட்கார்ந்திருக்கும் இடம் அவள் புருஷன் சென்றாயனுக்கு உரியது. அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"ஏனக்கா, நீங்க மட்டுந்தான் வந்தீங்களா? அவரு வரலீங்களா?"

இந்தக் கேள்விக்கு முப்பது வருஷமாகப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் தேய்ந்துவிட்டது. ஆரம்பத்தில் "தறி வேலைங்க" என்றாள். அப்புறம் "காய்ச்சலுங்க" என்றாள். சென்றாயனுக்குத் தீராத காய்ச்சல் என்று சொந்தத்துக்குள் பேச்சுப் பரவி, எடப்பாடிப் பக்கத்து ஒன்றுவிட்ட நாத்தனார் ஒருத்தி மந்திரித்த விபூதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாள். அதன் பிறகு அங்காளம்மாள் உண்மையையே சொல்லத் தொடங்கினாள்: "ஊட்டுக்குக் காவலுங்க." அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

ஆனால் உண்மை அதுதான். வீட்டைப் பூட்டிவிட்டுப் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒன்றாக வெளியே போவது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம் என்பது சென்றாயனின் அசைக்க முடியாத கொள்கை. ஒருவர் போனால் ஒருவர் இருக்க வேண்டும். ஒருவர் என்றால் அது எப்போதும் அவர்தான்.

திருட அங்கே என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னால் வீடு, பின்னால் சுவரோடு சுவராகத் தறிக்கூடம். அதில் எட்டு விசைத்தறிகள். ஒரு தறியைத் தூக்க வேண்டுமானால் திருடன் கிரேன் கொண்டுவர வேண்டும். நகையெல்லாம் பேங்க் லாக்கரில். வீட்டுக்குள் ஒரு டிவி, ஒரு பீரோ, பீரோ நிறையப் பழைய சேலை. "திருடன் வந்தான்னா அவனுக்குத்தான் பஸ் காசு தண்டம்" என்பாள் அங்காளம்மாள். இந்தப் பேச்சு சென்றாயனுக்குப் பிடிக்காது. தன் வீட்டைத் திருடத் தகுதியில்லாத வீடு என்று சொன்னால் எந்த மனுஷனுக்குத்தான் பிடிக்கும்?

எப்போதாவது பத்து நிமிஷம் பூட்டிவிட்டுப் போகவேண்டி வந்தால் அதற்கு ஒரு சடங்கு உண்டு. பூட்டுவார். இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போனவர் "கேஸ மூடுனியா?" என்று கேட்டுவிட்டு ஓடிவந்து, திறந்து, கேஸைப் பார்த்து, பூட்டி, மறுபடி இழுப்பார். இப்படி இழுத்த இழுப்பில் பல பூட்டுகள் கழன்று கையோடு வந்திருக்கின்றன. திருடன் உடைத்த பூட்டு என்று அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

இந்த நிலையில்தான் பேத்திக்குக் காது குத்து வந்தது.

அங்காளம்மாளின் ஒரே மகள் அபிநயாவைப் பரமத்தி வேலூரில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை தனசேகருக்கு வெற்றிலைக் கொடிக்கால். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அபிநயாவுக்கோ உடன்பிறந்தவர் இல்லை. ஆகவே மாமன் முறைக்குத் தாத்தாவே உட்காருவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அதாவது, சென்றாயன் வந்தே ஆக வேண்டும்.

"அப்பா வரலைன்னா பாப்பாவுக்குக் காதே குத்தறதில்லம்மா" என்று போனில் சொல்லிவிட்டாள் அபிநயா. "மூளிக்காதோட பள்ளிக்கூடம் போகட்டும். ஏன்னு கேட்டா, எங்க தாத்தா பூட்ட இழுத்துட்டிருந்தாருன்னு சொல்லட்டும்."

போனை வைத்த அங்காளம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீ மின்னாடி போயி ஆக வேண்டியதப் பாரு புள்ள. நானு..."

"பின்னாடி வாரீங்களா? மக கல்யாணத்துக்கும் அப்படித்தான் சொன்னீங்க. நம்ம கல்யாணத்துக்கே உங்கப்பாரு கையப் புடிச்சு இழுத்தாந்ததாலதான வந்தீங்க!"

வழி கண்டுபிடித்தது மாப்பிள்ளைதான். கொடிக்காலுக்கு மருந்தடிக்கும் மெஷின் வாங்கச் சேலம் போனவர், திருட்டு அலாரம் விற்கும் கடையைப் பார்த்துவிட்டு வந்து மாமனாரிடம் பக்குவமாகப் பேசினார். ஆள் இல்லாத நேரத்தில் கதவு திறந்தால் ஊரைக் கூட்டுமாம். மனுஷக் காவலை விட நம்பகமாம். தூங்காதாம். "சோறும் கேக்காது" என்றாள் அங்காளம்மாள் பக்கத்திலிருந்து.

அலாரத்தை மாட்ட வந்தவர் ஆனந்தகுமார். கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் பையுமாக வந்து, கதவில் ஒரு காந்தம், கூடத்து மூலையில் ஆள் நடமாட்டம் பார்க்கும் ஒரு கண், வாசலுக்கு மேலே ஒரு சைரன், கதவோரம் ரகசிய எண் அழுத்தும் பலகை என்று வரிசையாக மாட்டினார். கடைசியாக ஒரு சின்னப் புத்தகத்தைப் பிரித்துக் கோயில் பூசாரி போல ஒப்பித்தார்.

"முழுப் பயன் கிடைக்கணும்னா நாம சிலதக் கடைப்பிடிக்கணுங்க. ரகசிய நம்பர யாருக்கும் சொல்லக் கூடாது. அடிக்கடி மாத்திக்கிட்டே இருக்கணும். செட் பண்ணி அரை நிமிஷத்துல கதவச் சாத்திட்டு வெளிய போயிரணும்."

"அரை நிமிஷமா!" என்றார் சென்றாயன், அரை ஏக்கரை எழுதிக் கேட்டதைப் போல.

அங்காளம்மாள் மட்டும் அந்தப் புத்தகத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். மகள் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் அவ்வளவு பக்தியோடு எதையும் படித்ததில்லை. எண்ணை எப்படி மாற்றுவது என்று ஆனந்தகுமாரிடம் இரண்டு தடவை செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் தொடங்கியது அவஸ்தை. அரை நிமிஷத்துக்குள் வெளியே போவது சென்றாயனுக்கு ஆகாத காரியம். அலாரத்தை முடுக்குவார், ஜன்னலைப் பார்க்கப் போவார், அங்கிருந்து சமையல் கட்டு, அங்கிருந்து புழக்கடை. அதற்குள் நேரம் முடிந்து, சொந்த வீட்டுக்குள் திருடனாகப் பிடிபட்டு, சைரனுக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு நிற்பார். இது போதாதென்று தறிக்கூடத்துப் பஞ்சு வேறு. அது ஒட்டாத இடம் அந்த ஊரில் கிடையாது; சாமி படத்தில் ஒட்டும், சோற்றில் ஒட்டும். மூலையிலிருந்த கண்ணிலும் ஒட்டி, காற்றாடிக் காற்றில் ஆடி, ஆள் வந்துவிட்டதாக அதை நம்பவைத்தது.

"அட கெரகமே! திருடன் வந்தாக்கூட இத்தன ரோதன இருக்காது" என்று அங்காளம்மாள் துடைப்பக் குச்சியில் துணியைச் சுற்றிக் காலையும் மாலையும் அந்தக் கண்ணுக்குப் பஞ்சு எடுத்தாள். கட்டின புருஷன் கண்ணுக்குக்கூட அவள் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

சென்றாயனும் தம் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். யாரும் இல்லாதபோது சைரன் அடித்தால் யார் அமர்த்துவது? ஆகவே ரகசிய எண்ணைப் பக்கத்து வீட்டுக் கந்தம்மாளிடம் சொன்னார். அவள் இல்லாவிட்டால்? எதிர் வீட்டில் சொன்னார். தறி ஓட்டும் பொன்னனிடம் சொன்னார். பால்காரரிடம், இட்லி மாவு கொண்டு வருபவரிடம், காலாண்டுக்கு ஒரு தடவை வரும் சாக்கடை சுத்தம் செய்பவரிடம் சொன்னார். "யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே எச்சரித்த பிறகே சொன்னார் என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும்.

காது குத்துக்கு முந்தின வாரம் ஒத்திகை வைத்தார்கள். அங்காளம்மாளும் சென்றாயனும் பஸ் ஸ்டாண்டு வரை போவது. தனசேகர் திருடனாக உள்ளே நுழைவது. தெரு என்ன செய்கிறது என்று பார்ப்பது.

தனசேகர் கதவைத் திறந்தார். சைரன் வீறிட்டது. அவர் பதறாமல் உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய பொருளாகப் பார்த்து, டிவியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்கும்? வீட்டுக்கு வீடு தறி. ஒவ்வொரு தறியும் ஒரு சம்மட்டி. அத்தனை சம்மட்டிக்கு நடுவே அந்தச் சைரன் கல்யாண வீட்டில் கொசு பாடின கதையாகக் கத்திக் கத்தி ஓய்ந்தது. தனசேகர் தெருமுனை வரை நடந்தார். வழியில் கந்தம்மாள் மட்டும் பார்த்தாள். பார்த்து, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"என்னுங்க மாப்பிள்ளை, மாமியா ஊட்டுச் சீருங்களா? பாத்துக் கொண்டு போங்க, முனையில குழி கெடக்குது!"

அன்று சாயங்காலமே அவள் அங்காளம்மாளிடம் குறைப்பட்டுக்கொண்டாள்: "மாப்பிள்ளைக்கு டிவி குடுத்தீங்களாமா? ஒரு வார்த்த சொல்லலியே அக்கா."

"சங்கு கத்துச்சே, கேக்கலியா?"

"எந்தச் சங்கு?"

சென்றாயன் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் வரல புள்ள" என்றார். மருமகன் என்பதால் டிவி திரும்பி வந்தது; வேறொருவன் என்றால் வருமா? குழியைக் காட்டி வழியனுப்பும் தெரு இது.

அங்காளம்மாளுக்கு அன்று வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைப்பது சிரமம். சமையல் கட்டில் ஒரு சொம்புக்கு நசுங்கல் விழுந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மறுநாள் மத்தியானம் சோற்றுக்குப் பிறகு தலையைச் சாய்த்தவள், எட்டுத் தறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். திடுக்கென்று விழித்து எழுந்து உட்கார்ந்தாள். என்ன எழுப்பியது என்று முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. சத்தமே இல்லை. கரண்ட் போயிருந்தது.

வாசலுக்கு வந்தாள். தெருவே வாசலில் நின்றது. தூங்கினவர், குளித்தவர், பாதிச் சோற்றில் எழுந்தவர், எல்லோரும். "உங்களுக்கும் போச்சா?" "ஆமா, உங்களுக்கு?" எப்போதும் நடப்பதுதான். ஆனால் இன்றைக்கு அங்காளம்மாள் அதை முதல் தடவையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. தை மாதத்தில் கந்தம்மாள் வீட்டில் மட்டும் ஃபியூஸ் போய் அவர்கள் தறி மட்டும் நின்றது. ஊர் முழுக்கக் கரண்ட் போன நாளைவிட அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். பில் கட்டாததால் கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து பிடுங்கிவிட்டார்களோ என்று கண்ணாரப் பார்த்துப்போக அடுத்த தெருவிலிருந்துகூட ஆள் வந்தது. "பில்லு கட்டலியா சாமி?" என்று கேட்டவர்களில் அங்காளம்மாளும் ஒருத்தி.

உடனே ஆனந்தகுமாருக்குப் போன் போட்டாள். மறுநாள் வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"மேடம், அலாரம்னா சத்தம் போடணுங்க. இருக்கற சத்தத்த நிறுத்தற அலாரத்த நான் எங்கயும் பாத்ததில்லீங்க."

"உள்ள வந்து அதையே சொல்லு சாமி" என்று அவரைத் தறிக்கூடத்துக்குள் கூட்டிப்போனாள். அவர் சொன்னார். உதடு அசைந்தது. "என்ன?" என்றாள். கையை ஆட்டி மறுபடி சொன்னார். "என்ன?" என்றாள். அவர் வெளியே வந்து, பெருமூச்சு விட்டு, பையைத் திறந்தார்.

சைரனோடு தறிக்கூடத்து மோட்டாரையும் சேர்த்து ஒரு ஒயர் இழுக்கப்பட்டது. இனிமேல் அலாரம் அடித்தால் எட்டுத் தறியும் நிற்கும். கொஞ்ச நேரத்தில் சைரன் தானாக ஓய்ந்து, அலாரம் மறுபடி காவலுக்கு நிற்கும். அதன் பிறகுதான் தறியை ஓட்டலாம்.

சோதித்துப் பார்த்தார்கள். கதவைத் திறந்த மாத்திரத்தில் எட்டுத் தறியும் கப்பென்று அடங்கின. முதலில் வந்தவன் பொன்னன். அவனுக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் கூலியும் நிற்கும். போதாக்குறைக்கு நின்ற இடத்தில், தறியில் நெய்துகொண்டிருக்கும் வேட்டியில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்குக் கூலியிலும் பிடிப்பார்கள். "எவன்டா நிறுத்துனவன்?" என்று அவன் பாய்ந்து வந்த வேகத்தைப் பார்த்து, உண்மைத் திருடனாக இருந்தால் காலில் விழுந்திருப்பான் என்று ஆனந்தகுமாரே ஒப்புக்கொண்டார். அவனுக்குப் பின்னால் ஈரக்கையோடு கந்தம்மாள். அவளுக்குப் பின்னால் தெரு.

"உங்களுக்கு மட்டும் போச்சாக்கா?" என்றாள் கந்தம்மாள், அக்கறையும் ஆனந்தமும் சரிபாதியாக. "பில்லு கட்டலீங்களா?"

சென்றாயன் கூட்டத்தைப் பார்த்தார். சைரனைப் பார்த்தார். "சரி புள்ள, வாரேன்" என்றார்.

காது குத்து அன்று விடிந்ததும் விடியாததுமாக அங்காளம்மாள் குளித்து, பட்டுச்சேலை கட்டி, சீர்த்தட்டை மூட்டை கட்டினாள். அவர் பல் துலக்கப் போயிருந்தபோது எண் பலகைக்கு முன்னால் நின்று, புத்தகத்தில் சொன்னபடி, ரகசிய எண்ணை மாற்றினாள். புது எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அலாரத்தை அவளே முடுக்கினாள். பூட்டினார்கள். அவர் இழுத்துப் பார்த்தார். நாலு எட்டு வைத்துத் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். சங்ககிரி பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவள் எதிர்பார்த்த நேரத்துக்குக் கொஞ்சமும் பிசகாமல் கேட்டார்: "கேஸ மூடுனியா?"

"மூடிட்டேனுங்க."

"எதுக்கும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றேன்."

"போயிட்டு வாங்க" என்றாள்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மறுப்புச் சொல்லாமல் அனுப்புகிறாளே என்று அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஓடினார். அங்காளம்மாள் மூட்டையைக் கடை வாசலில் இறக்கி வைத்து, ஒரு டீ சொன்னாள்.

டீ பாதியாவதற்குள் தூரத்துத் தறிச் சத்தத்தில் ஏதோ ஒரு பிசிறு விட்டுப்போனது அவள் காதுக்குத் தெரிந்தது. மீதி டீயை ருசித்துக் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சென்றாயன் வந்தார். சரியாகச் சொன்னால், கொண்டுவரப்பட்டார். ஒரு பக்கம் பொன்னன், ஒரு பக்கம் கந்தம்மாள், பின்னால் தெருவில் பாதி.

"அக்கா, மொதலாளியக் கொஞ்சம் புடிச்சு வெச்சுக்குங்க" என்றான் பொன்னன். "எட்டு வேட்டியிலயும் கோடு உழுந்துருச்சு. இன்னொருக்காத் தறி நின்னுதுன்னா நான் மேச்சேரிக்குப் போயிருவேன். அங்கத்த மொதலாளி ஊட்ட உட்டுப் போனாருன்னா போனதுதானாம்."

சென்றாயன் முகத்தில் ரத்தம் இல்லை. இந்தக் காலத்தில் களவு போன நகையைக்கூடத் திரும்ப வாங்கிவிடலாம். போன தறிக்காரனைத் திரும்பப் பிடிக்க முடியாது. திருடனுக்குப் பயந்து முப்பது வருஷம் வீட்டைக் காத்த மனுஷன், தறிக்காரனுக்குப் பயந்து வீட்டுப் பக்கத்தை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார்.

"நம்பரு போட்டேன் புள்ள, எடுக்கவே இல்ல."

"மாத்திட்டேனுங்க."

"எப்ப?"

"காத்தால."

"எனக்கு எதுக்குச் சொல்லல?"

"யாருக்குஞ் சொல்லக் கூடாதுன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்க."

"நான் யாரோவா?"

பஸ் வந்துவிட்டது. கந்தம்மாள் பின்னாலிருந்து அவரை ஏற்றிவிட்டாள். "ஊட்ட நாங்க பாத்துக்கறோம், போங்கண்ணா. அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்காதீங்க!"

காவிரிக்கரைக் கோயிலில் கூட்டம். அபிநயா அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள், நிஜ ஆள்தானா என்று. ஆனால் அவருக்கு நிலைகொள்ளவில்லை. மறுபடி போக முடியாது. போகாமலும் இருக்க முடியாது. கடைசியில் பொன்னனுக்குப் போன் போட்டார். "ஒண்ணும் பேச வேண்டாஞ் சாமி. போனத் தறிகிட்ட வெச்சுட்டு நீ உன்ற வேலையப் பாரு." பொன்னன் வைத்தான். சென்றாயன் காதில் எட்டுத் தறியும் இடித்தன. தறி ஓடுகிறது என்றால் கதவு திறக்கவில்லை. முகம் தெளிந்தது.

தெளிந்த முகத்தோடு பேத்தியை மடியில் வாங்கினார். அவள் துள்ளினாள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. போன் காதிலிருந்து நழுவியது. நழுவியதும் மனுஷன் எழப் பார்த்தார்.

"உக்காருங்க!" என்று அங்காளம்மாள் பாய்ந்து போனைப் பிடித்து, தானே அவர் காதில் வைத்து அழுத்தினாள்.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. தாத்தா தலையை ஆட்டிக்கொண்டு தறி கேட்டார்.

"அம்மா, போன எடுங்கம்மா, படத்துல உழுகுது" என்றார் போட்டோக்காரர்.

"எடுத்தா இந்தாளு எந்திரிச்சுப் போயிருவாரு. அப்படியே எடு சாமி."

அப்படியேதான் எடுத்தார். சீர் வைக்கும்போதும், மொய் வாங்கும்போதும், வேலூர்ச் சம்பந்தி வீட்டாரோடு வரிசையாக நின்றபோதும் எல்லாப் படத்திலும் சென்றாயன் இருக்கிறார். அவர் காதோரம் அங்காளம்மாளின் கை இருக்கிறது. அவள் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

பந்தியில் எதிர் வரிசையிலிருந்து ஒருத்தி பழக்கதோஷத்தில் கேட்டாள்: "ஏனக்கா, நீங்க மட்டுந்தான்..." பாதியில் நிறுத்தி, பக்கத்து நாற்காலியை உற்றுப் பார்த்தாள். "அட, அவரா! அது சரி, அத்தன நேரமா யாருகூடங்க பேசறாரு?"

"தறிகூட" என்றாள் அங்காளம்மாள்.

வழக்கம்போலக் கைப்பையைப் பக்கத்தில் வைக்கப் போனாள். இடம் இல்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, காலடியில் தரையில் வைத்தாள். சென்றாயன் தோளால் போனை இடுக்கிக்கொண்டு, வாய் நிறையச் சோற்றோடு அவள் பக்கம் சாய்ந்தார்.

"புள்ள, அந்தப் புது நம்பரு..."

"ரசத்துக்குக் குழி பண்ணுங்க" என்றாள் அங்காளம்மாள். "ஊத்த வாராங்க பாருங்க."